காலால் புரட்டிய பக்கங்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று காசிமேட்டில் எல்லாருக்கும் தெரியும். சொக்கம்மாள் வாயில் விழுவதற்குப் பதில் கடலில் விழலாம் என்று என் புருஷனே சொல்வார். கண்ணுக்குப் பிடிக்காததைக் கண்டால் சும்மா இருக்க எனக்கு வராது. அதனால்தான் ரமாபாய் புத்தகத்தைக் காலால் புரட்டியதை முதன்முதலில் பார்த்த அன்று, கையில் இருந்த எறாவை டப்பில் விட்டெறிந்துவிட்டு எழுந்து நின்று கத்தினேன்.

எங்களுடையது எறா, அதாவது இறால், உரிக்கிற ஷெட். உச்சிமாகாளி அண்ணாச்சி முதலாளி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முப்பது வருஷமாக ராயபுரத்தில் இருக்கிறார். காலை ஆறு மணிக்கு ஐஸ் போட்ட எறா வந்து இறங்கும். இருபது பெண்கள் ஆளுக்கொரு டப்பை முன்னால் வைத்துக்கொண்டு குட்டைப் பலகையில் குந்திக்கொள்வோம். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகு நரம்பை உருவிப் போட வேண்டும். உரித்த எடைக்குத்தான் கூலி, கை நின்றால் கூலியும் நின்றுவிடும். போனை எடுத்தால் கை நிற்கிறது என்று அண்ணாச்சி எல்லார் போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்.

ரமாபாய் எனக்குப் பக்கத்துப் பலகை. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து வருவாள். முப்பத்தோரு வயது, இரண்டு பிள்ளைகள். புருஷன் லாரியில் போனால் பத்து நாளைக்கு வீடு தங்கமாட்டான். வேலை சுத்தம், பேச்சு குறைவு. ஆனால் அவள் கைக்கு எறாத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கும் விரல் ஊறும், வெடிக்கும், தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறிவிடும். அவளுக்கு விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி, இரண்டு நகம் கழன்று விழுந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் இந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரலை மடக்க முடியாமல் போய்விடும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார்.

வேறு வேலை என்று அவள் நம்பியிருந்தது அரசாங்கத்து எழுத்தர் பரீட்சையைத்தான். போன தடவை இரண்டே கேள்வியில் கோட்டை விட்டாள். வீட்டுக்குப் போனால் சமையல், பிள்ளைகள், மேல்மாடியில் தண்ணீர் ஏறாத குழாய். படிக்க அவளுக்குக் கிடைத்த நேரம் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிற எட்டு மணி நேரம்தான். அவள் தம்பி அறிவு ஒரு பழைய படிக்கிற மிஷின் வாங்கி, பள்ளிக்கூடப் புத்தகம் அத்தனையையும் அதற்குள் ஏற்றிக் கொடுத்திருந்தான். பார்ப்பதற்கு ஸ்லேட்டு மாதிரி இருக்கும், இரண்டு ஓரத்திலும் நீளமாக ஒவ்வொரு பட்டன். ஷெட்டில் அதற்கு ஸ்லேட்டு என்றே பேர் வைத்துவிட்டோம். போன் இல்லை, யாரும் கூப்பிட முடியாது என்பதால் அண்ணாச்சியும் உள்ளே விட்டுவிட்டார்.

ஸ்லேட்டைக் கண்ணாடிக் கவரில் போட்டு, டப்புக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்மேல் சாய்த்து வைப்பாள். தூரத்திலிருந்து தெரிவதற்காக எழுத்தைப் பெரிதாக்கியிருந்தாள். அதனால் ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான் வரும், நிமிஷத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். கை இரண்டும் எறாவில் இருக்கிறதே. காலை நீட்டிக் கட்டைவிரலால் ஓரத்துப் பட்டனை ஓர் அமுக்கு அமுக்குவாள், பக்கம் மாறும்.

நான் அதைத்தான் பார்த்தேன். "இன்னாமே இது, சரஸ்வதிய காலால ஒதைக்கிற?" என்று கேட்டேன். ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

அவள் எறாவை விட்டுக் கையை எடுக்கவில்லை. "யக்கா, நான் பட்டன தான் அமுக்கறேன். எழுத்து மேல கால் வைக்கல. ரெண்டு கைலயும் சாமான் இருந்தா, கதவ காலால தள்ளிக்கினு வூட்டுக்குள்ள போறதில்ல? அந்த மாதிரி தான்."

கதவாம்! எனக்கு இன்னும் ஏறிக்கொண்டது. தெரியாமல் ஒரு காகிதத்தில் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சாதி நாங்கள், இவள் என்னடாவென்றால் நாள் முழுக்க மிதித்துக்கொண்டு நியாயம் பேசுகிறாள் என்று ஏசினேன். அவர்கள் புத்தரைக் கும்பிடுகிறவர்கள், சரஸ்வதி கிரஸ்வதி எல்லாம் அவர்களுக்குக் கிடையாது என்று பின்னாலிருந்து ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். வழக்கு அண்ணாச்சியிடம் போனது. அவர் வந்து குனிந்து ஸ்லேட்டைப் பார்த்தார், பிறகு ரமாபாயின் எடைச் சீட்டைப் பார்த்தார். எடை குறையாத வரைக்கும் சரஸ்வதிக்கும் ஆட்சேபணை இருக்காது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பக்கத்துப் பலகைக்காரியிடம் எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருக்க முடியும்? போகப்போக அவள் கேள்விகளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். எந்த ஆறு எங்கே பிறக்கிறது, எந்த ராஜா எந்தக் குளம் வெட்டினான் என்று கேட்பாள். ஷெட்டே போட்டி போட்டுக்கொண்டு தப்புத் தப்பாகப் பதில் சொல்லும். கொசஸ்தலை ஆறு எங்கே முடிகிறது என்ற ஒன்றுக்கு மட்டும் எண்ணூர் என்று நான் சரியாகச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. சாயந்திரம் அவள் கை கழுவப் போகிற நேரம் பார்த்து, அவளுக்கும் சேர்த்து நானே ஸ்லேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அவள் மேல் பாவம் சேரக்கூடாது, அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தது. ஷெட்டைக் கழுவி, தராசு, கத்தி, ஐஸ் உடைக்கிற மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம். ரமாபாய் கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஸ்லேட்டை அண்ணாச்சி அறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் போயிருந்தாள். எனக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. என் வாழ்க்கையில் நல்ல எண்ணம் தோன்றிய போதெல்லாம் யாருக்காவது கேடுதான் வந்திருக்கிறது. ஸ்லேட்டையும் பூஜையில் வைப்போம், இத்தனை மாதம் கால் பட்ட தோஷம் கழிந்துவிடும், பரீட்சையும் நல்லபடியாக முடியும் என்று நினைத்தேன். கவரை உருவினேன். கால் பட்டது பட்டனில்தானே, தோஷமும் அங்கேதானே இருக்கும் என்று இரண்டு பட்டனிலும் சந்தனத்தை நன்றாகக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். மற்றவர்கள் கத்திக்கு ஒரு பொட்டு வைத்தால் நான் ஸ்லேட்டுக்கு அரைக் கிண்ணம் வைத்தேன்.

கற்பூரம் காட்டி முடிந்தபின் பார்த்தால் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. நனைந்த துணியால் துடைத்தேன். போகவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதை நான் என் கையாலேயே செய்து முடித்தேன்.

மத்தியானம் ரமாபாய் வந்தபோது அண்ணாச்சி பொரிப் பொட்டலமும் பூஜைப் பணமும் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் காலில் விழுந்து வாங்கினோம். அவள் மட்டும் இரண்டு கையையும் நீட்டி, நின்றபடியே வாங்கிக்கொண்டாள். அவள் யார் காலிலும் விழமாட்டாள், அது அண்ணாச்சிக்கும் தெரியும். பிறகு ஸ்லேட்டை எடுத்தாள். வலது பட்டனை அமுக்கினாள். இடதை அமுக்கினாள். மறுபடி வலதை. எழுத்து தெரிந்தது, பக்கம் அசையவில்லை. நான் செய்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள், நானும் பதிலுக்கு நாலு பேசி மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவளோ ஸ்லேட்டைக் கவருக்குள் போட்டுக்கொண்டே, "பரவால்லக்கா" என்றாள். அதற்கு அவள் என்னை அறைந்திருக்கலாம். பரீட்சைக்கு முப்பத்தெட்டு நாள்தான் இருந்தது.

எங்களோடு உரிக்கிற ஜஹானாராவின் தம்பி முதஸ்ஸிர் பர்மா பஜாரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மறுநாளே தூக்கிக்கொண்டு போனேன். பிரித்துப் பார்த்தான். சந்தனம் உள்ளே இறங்கி சிமெண்டாகக் கிடந்தது, தண்ணீர் பட்ட இடம் பச்சை பூத்திருந்தது. இந்தப் பட்டன் வைத்த மாடல் தன்னிடம் கிடையாது, பஜாரிலும் கிடைப்பது கஷ்டம், இப்போது வருவதெல்லாம் விரலால் தொட்டுப் புரட்டுகிற டச்சுதான் என்றான். டச்சு ஒன்று வாங்கினேன். என் வெள்ளிக் கொலுசைப் போட்டு வாங்கினேன். அதை ரமாபாயிடம் சொல்லவில்லை, பழையதுக்கு மாற்றிக் கொடுத்தான் என்று சொல்லிவிட்டேன். அறிவு வந்து புத்தகங்களை மறுபடி ஏற்றிக் கொடுத்தான். எனக்கு மூச்சு வந்தது.

அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. புதியது பளபளவென்று இருந்ததே தவிர ஓரத்தில் ஒன்றும் இல்லை, மொழுமொழுவென்று இருந்தது. பக்கம் புரட்ட எழுத்தின் மேலேயே தொட வேண்டும். எறாக் கையால் தொட்டாள். ஒரு சொட்டு கவர்மேல் நின்றுகொண்டது, பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது நாற்பதில் போய் நின்றது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கையைக் கழுவித் துடைத்தாள். புண்ணில் துணி உரசி உரசி ரத்தம் வந்தது, எடையும் பாதியாய்க் குறைந்தது. நான் ஒரு குச்சியைக் கொடுத்துத் தட்டச் சொன்னேன். குச்சிக்கு அது அசையவே இல்லை. தோலோ சதையோ பட வேண்டும் என்று முதஸ்ஸிர் பிறகுதான் சொன்னான். ஜஹானாரா ஒரு எறாவை எடுத்துத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பக்கம் மாறியது! எறாவே பரீட்சை எழுதட்டும் என்று சிரித்தோம். அடுத்த தொடலில் அதுவும் ஈரம் விட்டு எங்கேயோ கொண்டுபோய் விட்டது. ரமாபாய் கடைசியில் குனிந்து மூக்கு நுனியால் புரட்ட ஆரம்பித்தாள். ஸ்லேட்டுக்கு முத்தம் கொடுக்கிறாள் என்று ஷெட் முழுக்கக் கிண்டல். இரண்டாம் நாள் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் ஸ்லேட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். அண்ணாச்சி எடை குறைவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்றாள். அடுத்த தடவை எப்போது என்று கேட்டேன். அது யாருக்குத் தெரியும் என்றாள். அதற்குள் அந்த விரல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

என்னால் தாங்க முடியவில்லை. "காலால புரட்டேன்மே," என்றேன். ஆமாம், நானேதான் சொன்னேன். கால் எறாத் தண்ணீரில் இல்லை, சாக்கில் துடைத்தால் காய்ந்துவிடும், காலும் தோல்தானே.

அவள் கை நின்றது. இத்தனை வருஷத்தில் ஒரு பேச்சுக்காக அவள் கை நின்று நான் பார்த்ததில்லை.

"எங்க வூட்ல சாமி படம் அதிகம் கெடையாதுக்கா, புக்கு அலமாரி தான் கீது," என்றாள். "எங்க நைனா பொன்னுரங்கம் ஆடு மாடு வெட்டற கறிக்கூடத்துல வேல பாத்தாரு. குளிக்காம ஒரு புக்க தொட மாட்டாரு. பஜ்ஜி மடிச்ச பேப்பர மிதிச்சா கூட அடி தான். நம்ம ஆளுங்கள கிட்டயே சேக்காத எழுத்து, இப்ப தான் நம்ம கைக்கு வந்துகீது, அத்த கால்ல போடாதம்பாரு. பட்டன் கதவு. இது எழுத்து. என்னால முடியாதுக்கா."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவளுக்கு எழுத்தின் மேல் மரியாதை இல்லை என்று ஷெட்டைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்தவள் நான். நான் பயந்தது சாமி கண்ணைக் குத்தும் என்று. இவளுக்கு அந்தப் பயம்கூட இல்லை, ஆனாலும் வைக்கமாட்டேன் என்கிறாள். இரண்டில் எது பெரிய பக்தி என்று நீங்களே சொல்லுங்கள்.

எழுந்து போனேன். குழாயடியில் வலது காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். என் சாக்கை அவள் பலகைப் பக்கம் இழுத்துப் போட்டுக் காலைத் துடைத்தேன். அவள் பையிலிருந்து ஸ்லேட்டை எடுத்துச் செங்கல்மேல் சாய்த்துவிட்டு, என் பலகையைத் திருப்பிப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேணாங்கா. உனக்கு பாவமாச்சே," என்றாள்.

"எனக்கு சாமி கீதுமே," என்றேன். "நான் தப்பு பண்ணா மன்னிச்சு வுட ஆளு கீது. உனக்கு யாரு கீது? நீ படி."

சொல்லிவிட்டேனே தவிர, கட்டைவிரல் எழுத்துக்கு நேராகப் போனதும் எனக்கு உடம்பு கூசியது. தாயே, கண்ணை மூடிக்கொள் என்று சரஸ்வதியிடம் சொன்னேன். தொட்டேன். பக்கம் புரண்டது. ரமாபாய் ஸ்லேட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி என் மூஞ்சியைப் படித்தால் என் காலுக்கு வந்த பாவம் வீண் என்று ஓர் அதட்டுப் போட்டேன். கண்ணை இடது தோளில் துடைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

அப்புறம் எங்களுக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. அவள் "ம்" என்றால் வலப்பக்கம் தொடுவேன். "ம்ஹும்" என்றால் பின்னால் போக வேண்டும், இடப்பக்கம் தொடுவேன். மேலே பட்டுவிட்டால் ஏதோ பட்டியல் திறந்துகொண்டு, ஒரு தடவை புத்தகமே வேறு எதற்கோ மாறிவிட்டது. அன்றைக்கு அரை மணி நேரம் ஆளுக்கொரு யோசனை சொல்லி மீட்டோம். கை என் எறாவில், கால் அவள் புத்தகத்தில். இரண்டு பேர் எடையும் குறையவில்லை. அண்ணாச்சி வந்து நின்று பார்த்தார், இந்த ஷெட்டில் இனி எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பதில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். தொடை மரத்துப் போகும். முட்டி வலிக்கும். வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஸ்லேட்டைத் தொட்டு மூன்று தடவை கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அதுவரை அவள் பையை மூடாமல் நிற்பாள்.

முப்பத்திரண்டு நாள் இப்படிப் போயிற்று. அவள் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். எப்படி என்று கேட்டதற்கு, எழுதியிருக்கிறேன் என்பதோடு சரி. ரிசல்ட்டுக்கு மாசக்கணக்கில் காத்திருந்தோம். ஸ்லேட்டு அவள் வீட்டில் இருந்தது, செங்கல் மட்டும் எங்களுக்கு நடுவில் அப்படியே கிடந்தது. மூன்றாவது நகமும் அவளுக்குக் கழன்றது. நான் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வலது காலைப் பற்றித் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன், அப்படியே அவள் பரீட்சை நம்பரையும் சொல்லி வைத்தேன்.

பங்குனியில் ஒரு நாள், டீ நேரத்தில், அவள் தம்பி அறிவு வாசலுக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். ரமாபாய் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள். நான் டம்ளரை வைத்துவிட்டு என் பலகையில் வந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் என் முன்னால் வந்து, ஈரத் தரையில் அப்படியே குந்தினாள். அந்தப் புண் விரல்களால் என் வலது கால் கட்டைவிரலைத் தொட்டாள். தொட்ட விரலைத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். யார் காலையும் தொடாதவள்.

எனக்கு விளங்கிவிட்டது, பாஸாகிவிட்டாள். எழுந்திருமே, கால் முழுக்க எறா நாத்தம் என்று அதட்டினேன். ஜஹானாரா அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணாச்சி எதற்குக் கூட்டம் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அன்று அவள் டப்பில் இன்னும் நாலு கிலோ மிச்சம் இருந்தது. பழக்கதோஷத்தில் அவள் போய்ப் பலகையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் டப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அந்த ஐஸ் தண்ணீரில் அவள் கையை வைக்க நான் விடவில்லை.